பிறசமயத்தாரோடு உரையாடும் முறை

திருச்சிற்றம்பலம்

உலகின்கண் மக்கள் தம்முள் மாறுபட்டு உரையாடும் பொருள்கள் பல. நிலத்தின் எல்லை பற்றியும், பண்டத்தின் விலை பற்றியும், ஆட்சியின் முறை பற்றியும் அவர் மாறுபடுவர். அம்மாறுபாடுகள் பெரும்பாலும் ஒருவாறு தீர்ந்தொழியும். சமயம் பற்றிய மாறுபாடோ அத்தன்மைத்தன்று. என்னை? நிலமும் பண்டமும் ஒருவன் உடைமைகள். சமயமோ அவன் தன்னை இன்னான் என்று அறிதற்கு இடமாய் நிற்பது. தாய் நெற்றியில் நீறிட்ட நாள்தொட்டுத் தந்தையைச் சுடலைக்குக் கொண்டுசென்ற நாள்காறும் அவன் நெஞ்சில் ஊறிய யாவும் அதனோடு பிணிப்புண்டு கிடக்கின்றன. ஆதலின், அதன்மேற் சொல்லும் ஒரு சொல் அவன் முழு வாழ்வின்மேலும் படும். இதனை உணராது நாவசைப்போர் தாம் எய்வது எவ்விடத்துத் தைக்கும் என்பதை அறியாதவராவர்.

கண்டி மாநகரிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் நம்மனோர்க்கு இவ்விஷயம் ஏட்டளவில் நிற்பதன்று. தலதா மாளிகையின் எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் உள்ளன. அவற்றை அடுத்துத் தூய பவுல் ஆலயம் என்னும் கிறிஸ்தவக் கோயில் நிற்கின்றது. விட்டுணு தேவாலயமும் கதிர்காம தேவாலயமும் தொலைவில் இல்லை. கடைவீதியிற் பள்ளிவாயிலின் தொழுகையொலி கேட்கும். கட்டுக்கலையிற் செல்வ விநாயகர் எழுந்தருளியிருக்கின்றார். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலும் குறிஞ்சிக்குமரன் கோயிலோடு பௌத்தர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவர் வழிபாட்டிடங்களும் உள்ளன. ஒரே பேருந்தில், ஒரே மருத்துவமனையில், ஒரே வகுப்பறையில் நால்வகைச் சமயத்தாரும் தோளோடு தோள் உரச வாழும் இவ்விடத்தில், "நும் சமயம் யாது? எம் சமயத்தில் யாது குறை கண்டீர்?" என்னும் வினா எவர்க்கும் எந்நாளும் எழக்கூடும். அப்போழ்து செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உரையாடல் மூவகைத்து

நியாய நூலார், இருவர் மாறுபட்டு உரையாடுதலை வாதம், செற்பம், விதண்டை என மூன்றாகப் பகுப்பர். உண்மையை அறிதலே பயனாக இருவரும் தத்தம் கொள்கையை நிறுவியும் பிறர் கொள்கையை ஆராய்ந்தும் உரையாடுவது வாதம். வெற்றியே பயனாக, சொற்புரட்டும் போலிக் காரணமும் கலந்து உரையாடுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுத்தாது பிறர் கூறுவதை மறுத்தலே தொழிலாகக் கொள்வது விதண்டை.

இம்மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களும் மேற்கோள்களும் ஒன்றாகவே இருக்கலாம். வேற்றுமை உரைப்போன் உள்ளத்தில் உள்ளது. எனவே, ஒருவன் தான் நிகழ்த்துவது எவ்வகைத்து என்று அறிதற்குத் தன்னைத்தானே வினவிக்கொள்ளத் தக்க வினா ஒன்றுண்டு. "எதிர்நிற்பவர் கூறியதில் ஒரு பகுதி உண்மை எனத் தோன்றுமேல், யான் அதனை ஒப்புக்கொள்ளத் துணிவேனா? அன்றி அதனை மறைத்தற்கு வேறொரு வினாவைத் தேடுவேனா?" என்பதே அது. முன்னையதாயின் வாதம், பின்னையதாயின், நாம் சைவத்தைக் காக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு நம் செருக்கையே காக்கின்றோம் என்க.

ஆன்றோர் காட்டிய நெறி

தமிழ்நாட்டிற் சமயவாதம் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்திற் சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதை என ஒரு பகுதி உண்டு. அதன்கண் மணிமேகலை வஞ்சி நகரிற் பல்வேறு சமயவாதிகளை அடுத்து ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயிலாகவே கேட்கின்றாள். அந்நூல் பௌத்த நூலேயாயினும், முதலிற் கேட்டல், பின்பு தெளிதல் என்னும் முறை எச்சமயத்தார்க்கும் பொதுவாம்.

நம் சாத்திரங்களுள் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியார் பரபக்கம் சுபக்கம் என இருபகுதியாக அமைந்தது. பரபக்கத்தில் உலகாயதர் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பௌத்தர் மட்டுமே நால்வகையாகப் பிரிக்கப்படுகின்றனர். ஆசிரியர் ஒவ்வொரு மதத்தையும் முதற்கண் அம்மதத்தார் கூற்றாகவே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். இம்முறையின் அருமையை நம்மனோர் பலர் சிந்திப்பதில்லை. பிறர் கொள்கையை அவர் "ஆம், யாம் கொள்வது இதுவே" என்று ஒப்பும்படி எடுத்துரைக்க இயலாதவன் அதனை மறுத்தற்கும் உரியனல்லன் என்பதன்றோ இதனாற் பெறப்படுவது? இதனினும் வியப்பானதொன்றுண்டு. சித்தாந்தத் தொகை என்பது தமிழில் இருந்து மறைந்துபோன பௌத்த நூல்களுள் ஒன்று. அந்நூலின் எச்சம் இன்று நமக்குக் கிடைப்பது பிற சமயத்தார் உரைகளில் மேற்கோளாக நின்றமையாலாம். அவற்றுள் ஒன்று பரபக்கத்தின் உரை. மறுத்தற்பொருட்டு எழுந்த உரையே மறுக்கப்பட்டோரின் சொல்லையும் காத்து வைத்தது.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமார்க்கு அவர்தம் நூலிற் கூறப்பட்ட பலி, தூபம், ஆலய ஒழுக்கம் முதலியவற்றையே எடுத்துக்காட்டி விடையிறுத்தது. அவர் சொல்லின் கடுமையைப் பின்பற்றுவார் பலர். அக்கடுமைக்கு முன்னே நின்ற பல்லாண்டுக் கல்வியைப் பின்பற்றுவார் சிலர். இது வருந்தத்தக்கது.

இனி, வாதவூரர் தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாதஞ்செய்த வரலாற்றையும், சம்பந்தப்பிள்ளையார் மதுரையிற் சமணரை வென்ற வரலாற்றையும் நாம் பத்தியோடு ஓதுகின்றோம். பின்னதன் இறுதியிற் சமணர் கழுவேறிய செய்தி வருகின்றது. அது நிகழ்ந்ததா என்பது பற்றி ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர். அஃது எங்ஙனமாயினும், அவ்வரலாற்றில் நாம் போற்றுவது திருநீற்றின் பெருமையையும் பிள்ளையாரின் அருளையுமே, கழுமரத்தை அன்று. வாதத்தில் தோற்றார் உயிரிழக்க வேண்டும் என்பது இன்று எவ்வறிவுடையார்க்கும் உடன்பாடன்று. பிறர் இதனைச் சுட்டி வினவுமிடத்துச் சினவாது இவ்வாறு நேர்மையாகக் கூறுதலே தக்கது.

கண்டிநாடு கற்பிக்கும் பாடம்

கண்டியரசின் இறுதிக் காலத்து ஆண்ட நாயக்க மன்னர் நால்வருள் இரண்டாமவன் கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் (1747-1782). சைவ ஒழுக்கத்திற் பிறந்து பௌத்தக் குடிகளை ஆண்டவன். இலங்கையில் உபசம்பதை என்னும் துறவுநிலை வழக்கொழிந்து கிடந்த காலத்து, வெலிவிட்ட சரணங்கர தேரரின் வேண்டுகோளை ஏற்றுச் சீயத்துக்குத் தூது விடுத்தான். 1753இல் உபாலி தேரர் முதலியோர் கண்டியை அடைந்து அதனை மீண்டும் நிலைநாட்டினர். தேவாலயங்களுக்குரிய பெரகராவில் தந்ததாது முன்செல்லும் வழக்கமும் அவன் காலத்ததே என்பர். இத்துணை செய்தும், அரசன் நெற்றியில் நீறணிதலை விடவில்லை என்பது சிலர்க்கு மனக்குறையாயிற்று என்று அக்காலச் செய்திகள் கூறும். 1760இல் அவனைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது. அதிற் சரணங்கர தேரரும் தொடர்புடையவர் எனப்பட்டார். சூழ்ச்சி வெளிப்பட்டபின் பிரதானிகள் சிலர் கொலைத்தண்டம் பெற்றனர். தேரரையோ அரசன் சிறிது காலம் ஒறுத்துப் பின்னர் முன்போல் மதித்தான். பௌத்த விகாரங்களுக்குச் செய்துவந்த பணியையும் நிறுத்தினானல்லன்.

இவ்வரலாற்றில் இருபாலார்க்கும் பாடம் உண்டு. பிறர் சமயத்துக்குத் தொண்டு செய்தலால் மட்டும் ஐயம் நீங்கிவிடாது என்பது ஒன்று. தனக்குத் தீங்கிழைத்தார் ஒருவர் பொருட்டு அவர் சமயம் முழுதையும் வெறுத்தல் வேண்டா என்பது மற்றொன்று.

இனிக் கம்பளைக்கு வருவாம். கண்டிக்குத் தெற்கே மகாவலிக் கரையிலுள்ள அவ்வூரில், 1871இல் பௌத்தர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பெருவாதம் ஒன்று நிகழ்ந்தது. பௌத்தர் பக்கத்து நின்றவர் மொகொட்டிவத்தை குணானந்த தேரர். அவரே 1873 ஆகஸ்டு 26ஆம் 28ஆம் நாள்களிற் பாணந்துறையில் தாவீது த சில்வா பாதிரியார் முதலியோரோடு பெயர்பெற்ற வாதத்தை நிகழ்த்தியவர். பாணந்துறை வாதத்துக்கு முன்னரே உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒவ்வொருவர்க்கும் பேசும் நேரம் வரையறுக்கப்பட்டது. பல்லாயிரவர் திரண்டும் பெருங்கலகம் எழவில்லை. ஒழுங்கு இருப்பின் மாறுபாடு கலகமாகாது என்பதற்கு இது சான்று. எனினும், அவ்வாதத்தின் பயன் யாது? குணானந்தர் எதிர்த்தோரின் நூலை நன்கு பயின்றிருந்தமையும், பௌத்தர்கள் தம் சமயத்தைப் பற்றி நாணாது நிமிர்ந்தமையும், 1880இல் ஒல்கொட் துரை இலங்கைக்கு வந்தமையும், அதன்வழிக் கண்டித் தர்மராஜக் கல்லூரி (1887) போன்ற பள்ளிகள் எழுந்தமையும் மெய்யே. ஆயினும், மேடையில் எதிர்நின்ற இருவருள் எவரும் மற்றவர் உள்ளத்தை மாற்றினாரல்லர். பொதுமேடை தன் பக்கத்தாரை ஊக்குவிக்கும்; எதிர்ப்பக்கத்தாரை மாற்றாது. ஊக்கம் வேண்டுமிடத்து மேடை நன்று. ஒருவர் உள்ளத்தோடு உள்ளம் பேச வேண்டுமிடத்து அது தீது.

அதே கம்பளையிற் பின்னரும் ஒரு மாறுபாடு எழுந்தது. அது சொல்லால் அன்று, பறையால் எழுந்தது. வல்லகொட தேவாலயப் பெரகரா பள்ளிவாயிலைக் கடக்குமிடத்து வாத்தியம் முழக்கலாமா என்பதே 1912இல் தோன்றிய வினா. தேவாலயத்தார் 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையைக் காட்டி வழக்கிட்டனர். 1914 சூன் மாதத்திற் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியிற் பள்ளிவாயிலின் எதிரே மூண்ட கலகம் பல மாகாணங்களிற் பரவியது. இராணுவச் சட்டம் பிறந்தது. உயிரும் பொருளும் அழிந்தன. சைவராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிற் சிங்களத் தலைவர்க்காக அஞ்சாது வாதாடினார். 1916இல் நூலும் வெளியிட்டார். அவர் செய்தது பெரும் பணியே. எனினும், தம் இழப்பு அவர் உரையில் உரிய இடம் பெறவில்லை என்று முஸ்லிம்கள் வருந்தினர். ஒருவர்க்கு நீதி வேண்டுங்கால் மற்றவர் புண்ணையும் மறவாமை எத்துணை அரிது என்பதை இது காட்டும்.

கம்பளையில் இருபாலாரும் கேட்ட வினா, "சட்டம் யாருக்கு உரிமை தந்தது?" என்பது. "நும் தொழுகைக்கு எப்பொழுது அமைதி வேண்டும்? எம் பெரகராவுக்கு எவ்விடத்து முழக்கம் வேண்டும்?" என்று அவர் ஒருவரையொருவர் அமர்ந்து வினவித் தீர்த்திருப்பின், நீதிமன்றப் படிகள் வேண்டியிரா. நூறாண்டுக்குப் பின்னும் நிலைமை முற்றும் மாறிற்றிலது. 2018 மார்ச்சு மாதத்தில் தெல்தெனிய, திகன முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாயில்களும் தாக்கப்பட்டன. நாடு முழுதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. வீதியிற் பூசல் ஒன்றில் நேர்ந்த ஒருவர் மரணம், பேச்சற்றுப் போன சமூகங்களிடையே காட்டுத்தீயாயிற்று.

அடியேன் செய்த பிழை

பிறர் பிழையையே கூறி என் பிழையை மறைத்தல் நேர்மையன்று. பல்லாண்டுகட்கு முன் கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் முதியவர் ஒருவர் சிவபதமடைந்தார். அவர் மூத்த மகன் செபக்கூட்டம் ஒன்றிற் சேர்ந்திருந்தமையாற் கொள்ளி வைக்க மறுத்தான். சித்தாந்தம் பயின்றவன் என்று என்னை அழைத்துச் சென்றனர். லயத்து முற்றத்திற் பலர் சூழ நிற்க, அவன் கையிலிருந்த நூலிலிருந்தே வினாக்களைத் தொடுத்தேன். தாய் தந்தையரைப் போற்றுக என்று அந்நூலே விதித்திருத்தலைக் காட்டினேன். அவன் விடை கூற இயலாது தலைகுனிந்தான். சூழ்ந்தோர் ஆரவாரித்தனர். யான் மகிழ்ந்தேன். அன்று மாலையே அவன் மனைவி மக்களோடு தோட்டத்தை விட்டகன்றான். தம்பி கொள்ளி வைத்தான்.

சில ஆண்டுகள் கழித்து அவன் தாயைக் கோயிலிற் கண்டேன். அவ்வம்மையார் கைகூப்பி, "ஐயா, நீங்கள் கேட்டதெல்லாம் சரிதான். ஆனால், அவன் ஏன் போனான் என்று ஒருவரும் அவனிடம் கேட்கவில்லையே" என்றார். பின்னர் அறிந்தேன்: அவன் குழந்தை நோயுற்று மருத்துவமனையிற் கிடந்த நாள்களில், இரவெல்லாம் உடனிருந்தோர் செபக்கூட்டத்தார். கோயிலார் எவரும் சென்றிலர், அடியேனும் சென்றிலேன். யான் அவன் கொள்கைக்கு விடை கூறினேன். அவன் துயர்க்கு விடை கூறினேனல்லேன். அவன் நம்மை விட்டது நூலாராய்ச்சியால் அன்று. ஆதலின், நூலாராய்ச்சியால் அவன் மீள்வான் என்று எண்ணியது என் பேதைமை. அவன் மீளாவிடினும், தாயின் வாயிலை மிதிக்கும் வழியையாவது யான் அடைக்காதிருந்திருக்கலாம்.

கைக்கொள்ளத்தக்கன

மேற்கூறியவற்றால் நாம் கடைப்பிடிக்கத் தக்க முறைகளை இங்ஙனம் தொகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, தன் சமயத்தைக் கற்றல். திருமுறை இரண்டு பதிகமும் பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இலக்கணமும் அறியாதவன் பிறரோடு வாதிடப் புகுதல், நீந்த அறியாதவன் மகாவலி வெள்ளத்துப் பிறரை மீட்கக் குதித்தலை ஒக்கும்.

இரண்டாவது, பிறர் கொள்கையை அவர் வாயிலாகவே கேட்டல். கேட்டதனை, "நீவிர் கூறியது இதுவன்றோ?" என்று திருப்பிக் கூறி, அவர் ஒப்பிய பின்னரே விடை தொடங்குக.

மூன்றாவது, அவர்தம் சிறந்ததனோடு நம் சிறந்ததனை ஒப்பிடல். நம் நாயன்மாரை அவர்தம் தீயோரோடு ஒப்பிடுதல் நிறைகோலைச் சாய்த்தலாகும். நம்மிடத்துள்ள சாதிக்கொடுமையை ஒருவர் சுட்டுவாராயின், அது மெய்யாதலின் ஒப்புக்கொள்க. திருநாளைப்போவாரைத் தொழுதுகொண்டு அவர் குலத்தாரைப் புறத்தே நிறுத்தியது நம் குற்றமேயன்றிச் சிவபெருமான் குற்றமன்று என்க.

நான்காவது, இடமும் காலமும் அறிதல். இழவு வீட்டிலும், மணப்பந்தலிலும், நோயாளியின் கட்டிலருகிலும், சிறுவர் முன்னிலையில் அவர் பெற்றோரோடும் சமயவாதம் செய்யற்க.

ஐந்தாவது, கூட்டத்தை நீக்கல். பலர் நோக்க ஒருவன் தோல்வியை ஒப்பான். இருவர் மட்டும் அமர்ந்திருக்கும் திண்ணையில் அவன் தன் ஐயத்தையும் கூறுவான்.

ஆறாவது, உரையாடல் முடிந்தபின்னும் உறவு நிற்குமாறு பார்த்துக்கொள்ளல். மறுநாள் அவன் வீட்டில் இழவு நேரின் முதலிற் செல்பவன் நீயாக இரு.

தடை விடை

"இவ்வாறு மென்மையாகப் பேசினால் நம் மக்கள் பிறசமயம் புகுதலைத் தடுப்பது எங்ஙனம்?" எனின், கூறுதும். மென்மை வேறு, மழுப்பல் வேறு. திருநீற்றை இழித்துரைப்பார்முன் வாளா இருத்தல் வேண்டும் என்று யாம் கூறிற்றிலம். உண்மையை உள்ளவாறு, பழிச்சொல் இன்றி, அஞ்சாது கூறுக என்றே கூறினோம். மேலும், பிள்ளைகள் சமயக்கல்வி பெறாமையும், வறியார் துயருற்றபோது கோயில் திரும்பிப் பாராமையுமே நம் மக்களை வெளியே தள்ளும் இரு கைகள். அவ்விரண்டையும் நீக்காது எதிரியை ஏசுதல், கூரையை வேயாது மழையை வைதலோடொக்கும்.

"எல்லாச் சமயமும் ஒன்றே என்று கூறிவிட்டாற் பூசல் ஒழியாதோ?" எனின், ஒழியாது. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்புரிபவன் சிவனே என்பதும், ஏனைச் சமயங்கள் படிகளாய் நிற்பன என்பதும் சித்தாந்தத் துணிபு. இஃது எம் உள்ளத்தை அகலச் செய்யும் கொள்கை. ஆயினும், இதனையே பிறர்முன் இறுதிச்சொல்லாக வைத்தால் அவர் மகிழார். முஸ்லிம் ஒருவரிடம் "நீர் தொழுவது எம் சிவனையே" என்றும், பௌத்தர் ஒருவரிடம் "நீர் கீழ்ப்படியில் நிற்கின்றீர்" என்றும் கூறின், அவர்க்கு அது மரியாதையாகத் தோன்றாது. தம்மை விழுங்குதலாகவே தோன்றும். அவரும் நம்மைத் தம் கணக்கில் ஒரு படியாகவே வைத்திருத்தல் கூடுமன்றோ? ஆதலின், வினவினால் இக்கொள்கையை மறையாது கூறுக. வினவாவிடத்து இதனாற் பிறர் வாயை அடைக்கற்க. வேற்றுமையை வேற்றுமையாகவே வைத்துக்கொண்டு நட்புறுதலே இருபாலார்க்கும் மெய்யான மரியாதை.

மெய்யன்பர்காள்! சைவம் வாதத்தால் மட்டும் வளர்ந்ததன்று. அப்பமூர்த்திகள் சமணத்தினின்று மீண்டது எவருடைய தருக்கத்தாலும் அன்று. சூலைநோயின்போது தமக்கையார் திலகவதியாரிடம் சென்று அடையத்தக்க ஒரு வாயில் திறந்திருந்தமையால் என்க. பிறசமயம் புக்க தம்பியை அவ்வம்மையார் வைதாரல்லர். அவர் பொருட்டுத் திருவதிகை வீரட்டானத்தை மெழுகியும் விளக்கியும் இறைவனை வேண்டி நின்றார். அவர் வந்த நாளில் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வாயிலைத் திறந்து வைத்தல் நம் கடன். உள்ளத்தைத் திருப்புதல் திருவருளின் செயல். கடனை நாம் செய்வாம். ஏனையதை இறைவன்பால் விடுவாம்.

சுபம்.